சைடு ஸ்டாண்டு சத்தம் கேட்டாலே கை நடுங்குது மேடம்

வணக்கம் மேடம். பேரும் ஊரும் போட்டுடாதீங்க, தாராபுரம் பக்கம்னு மட்டும் இருக்கட்டும். எனக்கு 33 வயசு, பாப்பா நாலாவது படிக்கறா. 2014ல கல்யாணம் ஆச்சு, எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல பவர்டேபிள் வெச்சிருக்கார், அதாவது கம்பெனிங்களுக்கு பனியன் தைச்சுக் குடுக்கற யூனிட், நானும் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவதான். 2023 ஆவணியில பாப்பாவ கூட்டிட்டு அம்மா வீட்டுக்கு வந்தவ திரும்பிப் போகல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. இப்ப இங்க இருந்தே கம்பெனி வேன்ல வேலைக்குப் போய்ட்டு வர்றேன்.

அடி வாங்கினத பத்தி கேக்கறதுக்கு எழுதல மேடம். அதெல்லாம் முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போனதுக்கு அப்புறமும் எனக்கு ஏன் இப்படி இருக்குன்னுதான் கேக்கணும்.

அவர் ராத்திரி வரும்போது பைக்க நிறுத்தி சைடு ஸ்டாண்டு போடுவார் இல்லைங்களா, அந்த சத்தத்துலயே எனக்கு தெரிஞ்சுரும். மெதுவா கால்ல தள்ளினா பிரச்சனை இல்ல. ஒரே உதையா உதைச்சு டங்குன்னு விழுந்துச்சுன்னா அன்னைக்கு ராத்திரி முடிஞ்சுது. அந்த சத்தத்துக்கும் அவர் செருப்பு கழட்டறதுக்கும் நடுவுல பத்து செகண்ட் இருக்கும், அதுக்குள்ள டிவிய ஆஃப் பண்ணி பாப்பாவ உள்ள அனுப்பி சொம்புல தண்ணி எடுத்து வெச்சு மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதுன்னு யோசிச்சு எல்லாம் பண்ணிருவேன். சிரிச்ச மாதிரி இருந்தா என்ன இளிப்புன்னு கேப்பார், சும்மா இருந்தா எவன நெனச்சுட்டு இருக்கன்னு கேப்பார்.

இப்ப எங்க அம்மா வீட்டுக்கு பக்கத்து வீட்டு அண்ணன் மில்லுல இருந்து ஒன்பதரைக்கு வருவார். பாவம் அவர் ஒரு ஈ எறும்புக்கு கெடுதல் நெனைக்காத மனுஷன். அவர் ஸ்டாண்டு போட்டா என் கையில இருக்கற தோசக்கரண்டி கீழ விழுது. ஒரு நாள் இல்ல, தினமும். நெஞ்சு அடிச்சுக்குது, உள்ளங்கை வேர்க்குது, அப்புறம் பாத்ரூம்ல போய் உக்காந்துக்கறேன். கம்பெனியில சூப்பர்வைசர் யாரையாவது சத்தம் போட்டா நான் போய் சாரி சார்ங்கறேன், என்னைய திட்டவே இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மா என்ன ஆக்கறதுன்னு கேட்டா பதில் வரமாட்டேங்குது, எனக்கு என்ன புடிக்கும்னே மறந்து போச்சு. தலைவலி அடிக்கடி. சாமான் எங்க வெச்சேன்னு மறந்துடறேன். சம்பள பணம் பத்தாயிரத்த எண்ணிட்டு மறுபடி மறுபடி எண்ணறேன், முன்னாடி கார்டு அவர்கிட்டதான் இருக்கும், அம்பது ரூபா கொறைஞ்சாலும் கணக்கு சொல்லணும்.

அவர் எல்லா நாளும் அடிக்கறவர் இல்லைங்க, அதையும் சொல்லிடணும். மொத அடி கல்யாணம் ஆகி மூணாவது மாசம், எங்க தம்பிகிட்ட அரை மணி நேரம் போன்ல பேசிட்டேன்னு. அன்னைக்கு ராத்திரியே அழுது கால புடிச்சுட்டு புரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்து ஊட்டி விட்டார். அப்புறம் அது மாதிரியேதான், அடிச்சா மறுநாள் பூவோ புரோட்டாவோ வரும். நடுவுல பேச்சுதான் ஜாஸ்தி. நான் அப்படி சொல்லவே இல்ல, உனக்கு கிறுக்கு புடிச்சிருக்கு, உங்க வம்சமே லூசு வம்சம்னு சொல்லுவார், ஒரு கட்டத்துல நெஜமாவே நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கனோன்னு ஆயிருச்சு. ஒரு தடவை கழுத்த புடிச்சுட்டார், கண்ணு இருட்டிருச்சு, எந்திரிச்சப்ப தரையில கெடந்தேன், ஒரு வாரம் தொண்ட கட்டியே இருந்துச்சு, சளின்னு சொல்லி சமாளிச்சேன். அது போதையில நடந்தது, அதுக்கு அப்புறம் ஒரு மாசத்துல கிளம்பி வந்துட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு பாதயாத்திரை போனார். எங்க ஊரு வழியாதான் போவாங்க. பச்சை வேட்டி கட்டிட்டு வெறுங்கால்ல கொப்புளத்தோட எங்க வீட்டு வாசல்ல நின்னு பாப்பாவ ஒரு தடவை பாத்துட்டு போறேன்னார். எங்கம்மா மோர் குடுத்தாங்க, அழுதுட்டாங்க. நான் உள்ள ரூம்ல கட்டில புடிச்சுட்டு நின்னேன், காலு நிக்கல. பாப்பா என்ன பண்ணா தெரியுங்களா, அவர் குரல் கேட்ட உடனே வாசல்ல கெடந்த செருப்பு எல்லாத்தையும் ஜோடி ஜோடியா நேரா அடுக்கி வெச்சா. அங்க இருக்கும்போது செருப்பு கலைஞ்சு கெடந்தா அவருக்கு கோவம் வரும்.

ஆறு மாசமா குடிக்கறதில்லையாம். பெரியப்பாவும் அவங்க பக்கத்து பெரியவங்களும் பங்குனி பொறக்கறதுக்குள்ள வந்து பேசி சேத்து வெக்கறோம்னு சொல்றாங்க. பொம்பளப் புள்ளைய வெச்சுட்டு எத்தன நாளைக்கு பொறந்த வீட்டுல இருப்பன்னு கேக்கறாங்க. அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பறார், நீ வரலைன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்னு.

இத எழுத வெக்கமா இருக்கு மேடம், எனக்கு அவர் ஞாபகம் வருது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வேன்ல வரும்போது ரோட்டுக்கடையில புரோட்டாக்கல்லு சத்தம் கேட்டா அழுகை வருது. இவ்வளவு பண்ணவர ஏன் தேடுது? நான் திரும்பிப் போகணும்னுதான் இதுக்கு அர்த்தமா? இல்ல எனக்கு அவர் சொன்ன மாதிரி மூளைதான் சரியில்லையா?

இப்படிக்கு, பேர் வேண்டாம்னு கேட்டுக்கற ஒருத்தி.

ஆலோசகரின் பதில்

அன்பான தங்கச்சிக்கு,

உங்க லெட்டர மூணு தடவை படிச்சேன்மா. நீங்க கேட்ட கேள்விக்கு வர்றதுக்கு முன்னாடி, நீங்க போறபோக்குல சொல்லிட்டு தாண்டிப் போன ஒரு விஷயத்துல நான் நின்னுட்டேன். ஒரு தடவை கழுத்த புடிச்சுட்டார்னு எழுதினீங்க, கண்ணு இருட்டி தரையில கெடந்தேன்னு எழுதினீங்க, அடுத்த வரியில பாதயாத்திரைக்கு போய்ட்டீங்க. அன்னைக்கு நடந்தது மத்த அடியெல்லாம் மாதிரி இன்னொரு அடி கிடையாது. கழுத்து ரத்தக்குழாய அழுத்தினா சில செகண்டுலயே நினைவு போயிரும், இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கை எடுக்காம இருந்திருந்தா இந்த லெட்டர் எனக்கு வந்திருக்காது. அமெரிக்காவுல 2008ல வந்த ஒரு ஆராய்ச்சியில, துணையால ஒரு தடவை கழுத்து நெரிக்கப்பட்ட பொண்ணுங்க பின்னாடி அவங்க கையாலயே கொல்லப்படற அபாயம் மத்தவங்கள விட 7 மடங்குக்கு மேலன்னு பாத்தாங்க. இது உங்கள பயமுறுத்த சொல்லல. பெரியப்பா வந்து உக்காந்து பேசும்போது இந்த ஒரு விஷயம் அந்த திண்ணையில யாருக்குமே தெரியாம இருக்கும், அதனால சொல்றேன்.

போதையில நடந்ததுன்னு சொல்றீங்க. போதையில இருக்கும்போது அவருக்கு வேலை குடுக்கற கம்பெனி முதலாளி கழுத்தையோ லைன்மேன் கழுத்தையோ புடிச்சாரா? எங்க கைய வெச்சா கேள்வி வராதோ அங்கதான் கை போச்சு.

ஒரு வாரம் தொண்டை கட்டியிருந்தது சளி இல்லம்மா. அமெரிக்காவுல சான் டியகோங்கற ஊர்ல 2001ல கழுத்து நெரிச்ச 300 கேஸ எடுத்துப் பாத்ததுல பாதிப்பேருக்கு கழுத்துல வெளிய ஒரு அடையாளமும் இல்ல, அதனாலதான் போலீசும் நம்பறதில்ல, டாக்டரும் கேக்கறதில்ல, பொண்ணுங்களும் சின்ன விஷயம்னு நெனச்சுக்கறாங்க. தலைவலி, மறதின்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு மனசு காரணமா இருக்கலாம், அன்னைக்கு மூளைக்கு ரத்தம் போகாம இருந்ததும் தலையில பட்ட அடியும் காரணமா இருக்கலாம், லெட்டர்ல இருந்து என்னால சொல்ல முடியாது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த வருஷம் இந்த மாசம் கழுத்த நெரிச்சாங்க, மயக்கமானேன்னு அதே வார்த்தையில சொல்லுங்க. ஓபி சீட்டுல எழுதச் சொல்லுங்க. அந்த சீட்டு பின்னாடி கோர்ட்டுக்கும் உதவும்.

இப்ப சைடு ஸ்டாண்டு.

உங்களுக்கு மூளை சரியில்லையான்னு கேக்கறீங்க. ஒம்பது வருஷம் ஒரு சத்தத்த வெச்சு அடுத்த பத்து செகண்டுல நாலு வேலைய செஞ்சு ஒரு கொழந்தைய உள்ள அனுப்பி காப்பாத்தின மூளைம்மா அது. நம்ம மூளையில அமிக்டலான்னு பாதாம்பருப்பு சைஸ்ல ஒரு பகுதி இருக்கு, ஆபத்து வருதான்னு பாக்கறதுதான் அதுக்கு வேலை, அது யோசிக்கறதுக்கு முன்னாடியே உடம்ப கெளப்பி விட்டுரும். அதுக்கு கேலண்டர் பாக்கத் தெரியாது. இது அம்மா வீடு, வர்றது பக்கத்து வீட்டு அண்ணன், வருஷம் 2023 இல்லங்கறதெல்லாம் வேற பகுதிக்குத்தான் தெரியும், அந்த தகவல் போய்ச் சேர்றதுக்குள்ள தோசக்கரண்டி கீழ விழுந்துருது. திட்டாத சூப்பர்வைசர்கிட்ட சாரி சொல்றதும் இதேதான், முன்கூட்டியே பணிஞ்சு போனா அடி கொறையும்னு உடம்பு கத்துக்கிட்ட பாடம் அது. ஞாயித்துக்கிழமை என்ன ஆக்கறதுன்னு தெரியாம போனதும் அதேதான், எனக்கு இது புடிக்கும்னு சொல்லி அதனால வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு புடிக்கறதே மறந்து போறது பாதுகாப்பு.

இதுக்கு பேர் இருக்கு. பி.டி.எஸ்.டி.ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப்பாதிப்பு, போருக்குப் போய் வந்த சோல்ஜர்களுக்கு வரும்னு சொல்லுவாங்க. ஜூடித் ஹெர்மன்னு ஒரு அமெரிக்க மனநல டாக்டர் 1992ல என்ன சொன்னாங்கன்னா, ஒரு தடவை குண்டு வெடிச்சு வர்ற பாதிப்பு வேற, தப்பிச்சுப் போக முடியாத எடத்துல ஒருத்தர் கையில வருஷக்கணக்கா சிக்கி இருந்து வர்ற பாதிப்பு வேற, இதுல பயத்தோட சேத்து நான் யாருங்கற நெனப்பே செதஞ்சு போகும்னு. இப்ப உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல இது காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.ங்கற பேர்ல தனியாவே இருக்கு. உங்களுக்கு இதுதான்னு லெட்டர பாத்து நான் சீட்டு எழுதித்தர மாட்டேன், நேர்ல பாத்துத்தான் சொல்லணும். ஆனா நீங்க எழுதின ஒவ்வொண்ணும் இதோட ஒத்துப் போகுது.

நீங்க தனியாளும் இல்ல. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பொண்ணுங்க 100 பேர்ல கிட்டத்தட்ட 38 பேர் புருஷன்கிட்ட வன்முறைய பட்டிருக்கோம்னு சொன்னாங்க, இந்தியா முழுக்க அது 29. உங்க கம்பெனி வேன்ல முப்பது பொண்ணுங்க வந்தா அதுல பத்துப் பதினொரு பேர். இதெல்லாம் வாய தெறந்து சொன்னவங்க கணக்கு.

இனிமே உங்க வெக்கத்த பத்தி. அவர ஏன் தேடுதுன்னு கேட்டீங்க, இத எழுத எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்கு தெரியும், என்கிட்ட வர்ற பெரும்பாலான பொண்ணுங்க இத மட்டும் கடைசி வரைக்கும் சொல்லமாட்டாங்க. உங்க பக்கம் மானாவாரி பூமி இருக்கும். போர் தண்ணி இருக்கறவன் வானத்த பாக்கறதில்ல, மானாவாரிக்காரன் எந்நேரமும் அண்ணாந்து பாத்துட்டேதான் இருப்பான், எப்பவாவது ஒரு மழை பெஞ்சா அந்த சந்தோஷம் கெணத்துக்காரனுக்கு வரவே வராது. தினமும் அன்பா இருக்கற புருஷன்கிட்ட புரோட்டா பார்சல் வெறும் புரோட்டா. கன்னம் வீங்கி உக்காந்திருக்கும்போது அதே கை ஊட்டி விட்டா அது உசுரு திரும்பி வந்த மாதிரி. காயம் பண்ற ஆளும் ஆறுதல் சொல்ற ஆளும் ஒருத்தராவே இருந்தா, அதுவும் எப்ப எதுன்னு தெரியாம இருந்தா, பாசம் கொறையாது, முடிச்சு இன்னும் இறுகும். கனடாவுல டட்டன், பெயின்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1981லயே இத எழுதிட்டாங்க. பதட்டம் ஏறும், வெடிக்கும், அப்புறம் கெஞ்சலும் பூவும் வரும், மறுபடி ஏறும்னு லெனோர் வாக்கர் 1979ல சொன்ன சுழல் எல்லா வீட்டுக்கும் அச்சடிச்ச மாதிரி பொருந்தாது, சில வீட்டுல பூவே வராது, ஆனா உங்க வீட்டுக்கு அப்படியே பொருந்துது.

அதனால சனிக்கிழமை அழுகை வந்தா அழுங்க. ஒம்பது வருஷத்துல நல்ல நாளும் இருந்துச்சு, அது பொய்யில்ல. ஆனா தேடறதுங்கறது ஒரு வலி, போகணும்ங்கறது ஒரு முடிவு, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட வேண்டாம். குடிய விட்டவனுக்கும் கடை வாசல தாண்டும்போது நாக்கு ஊறும், அதனால அவன் உள்ள போகணும்னு அர்த்தமில்ல.

கிறுக்கு, லூசு வம்சம்னு அவர் சொன்னத பத்தியும் ஒண்ணு. நீங்க செக்கிங்ல இருக்கீங்க. ஒரு பீஸ கையில எடுத்தா ஓட்டை எங்க, கறை எங்க, தையல் எங்க விட்டிருக்குன்னு கண்ணும் கையும் சொல்லிரும். அத சூப்பர்வைசர் வந்து ஓட்டையே இல்லைன்னு பத்து தடவை சொன்னா உங்க விரல் பொய் சொல்லிருமா? ஒம்பது வருஷம் உங்க விரல் தொட்டத இல்லைன்னு சொல்லியே உங்களுக்கு உங்க மேலயே நம்பிக்கை இல்லாம பண்ணிட்டாங்க. தம்பிகிட்ட பேசினா அடி, கார்டு அவர்கிட்ட, அம்பது ரூபாய்க்கு கணக்கு, நீ சொல்றது பொய்யின்னு பேச்சு. இதெல்லாம் தனித்தனி கொணக்கேடு இல்ல, ஒரு ஆள அடக்கி வெக்கறதுக்கு சுத்திக் கட்டின வேலி, அடி அதுல ஒரு முள்ளு மட்டும்தான். அந்த வேலியில இருந்து வந்தவங்க சம்பளத்த நாலு தடவை எண்ணத்தான் செய்வாங்க. எண்ணட்டும். அது உங்க பணம்.

பாப்பா செருப்பு அடுக்கினத படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் எந்திரிச்சுப் போய் நின்னுட்டு வந்தேன். உங்க சைடு ஸ்டாண்டு அவளுக்கு செருப்பு. அப்பா கோவப்படறது என் கையில இருக்கு, நான் சரியா அடுக்கினா அம்மா அடி வாங்கமாட்டாங்கன்னு ஏழு வயசு வரைக்கும் நம்பியிருக்கா. நாம நெனைப்போம், கொழந்தைய உள்ள அனுப்பிட்டோம், கதவ சாத்திட்டோம், அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேக்கற கொழந்தை பாக்கறத விட ஜாஸ்தியா கற்பனை பண்ணிக்கும். தலை வாரி விடும்போது, மூஞ்சிக்கு நேரா இல்லாம பின்னாடி இருந்து பேசறப்ப கொழந்தைங்க நல்லா கேக்கும், அப்ப சொல்லுங்க, அன்னைக்கு செருப்பு அடுக்கினியே சாமி, அப்பா கோவப்பட்டதுக்கு செருப்பு காரணம் இல்ல, நீயும் காரணம் இல்ல, அம்மாவும் காரணம் இல்லன்னு. ஒரு தடவை சொன்னா போதாது. அவ ஒண்ணும் பேசாம ரிப்பன நீட்டினாலும் கேட்டிருக்கான்னு அர்த்தம். நிம்மதியா தூங்கறாளா, பள்ளிக்கூடத்துல எப்படி இருக்கான்னு டீச்சர்கிட்டயும் விசாரிங்க.

பெரியவங்க வர்ற விஷயத்துக்கு வர்றேன். இதுல என் தப்பு ஒண்ண சொல்லியே ஆகணும். நான் இந்த தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு ஜோடிய பக்கத்து பக்கத்து சேர்ல உக்கார வெச்சு, என்னம்மா பிரச்சனை மனசு விட்டு பேசுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். அவ ஒண்ணுமில்ல மேடம் சின்ன சின்ன சண்டைதான்னா. அவன் தலையாட்டினான். நானும் கம்யூனிகேஷன் கேப்புன்னு பேசி அனுப்பி வெச்சேன். போகும்போது அவ திரும்பி என்னைய ஒரு பார்வ பாத்தா. அடுத்த வாரம் கையில மாவுக்கட்டோட தனியா வந்தா, உங்க முன்னாடி நான் வாய தெறந்திருந்தா வீட்டுக்கு போய் என்ன ஆகும்னு நீங்க யோசிக்கலையான்னு கேட்டா. அன்னையில இருந்து அடி நடந்த வீட்டுல ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு பேச வெக்கறத விட்டுட்டேன். உங்க பெரியப்பா நல்லவராத்தான் இருப்பார். ஆனா அவர் முன்னாடி, மாப்பிள்ளை முன்னாடி, பத்து ஆம்பளைங்க முன்னாடி கழுத்த நெரிச்சார்னு நீங்க சொல்லுவீங்களா? சொல்ல முடியாத எடத்துல நடக்கற பேச்சுக்கு பேர் சமாதானம் இல்லம்மா.

அவர் திருந்தியிருப்பாரான்னா, எனக்கு தெரியாது. குடிய விட்டது நல்லது, ஆனா மொத அடி குடிச்சுட்டு விழல, தம்பிகிட்ட போன் பேசினதுக்கு விழுந்துச்சு. திருந்தினவங்க சிலர நான் பாத்திருக்கேன், அவங்க நான் இத இத பண்ணேன், அது என் தப்புன்னு ஆனா போடாம சொல்லுவாங்க. உன் கார்டு உன்கிட்ட இருக்கட்டும்பாங்க, கேக்காமயே புள்ளைக்கு மாசாமாசம் பணம் அனுப்புவாங்க. முக்கியமா, இல்லன்னு சொன்னா தாங்கிக்குவாங்க. இந்த வருஷம் வேண்டாம், அடுத்த தைப்பூசம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்னு பெரியப்பா வழியா சொல்லி அனுப்புங்க, நீங்க நேர்ல போய் தனியா சொல்லாதீங்க. அதுக்கு என்ன வருதுன்னு பாருங்க. உசுரோட இருக்கமாட்டேன்னு வர்ற வாய்ஸ் மெசேஜ் பாசம் மாதிரிதான் கேக்கும், ஆனா அது பழையபடி கயித்த உங்க கழுத்துல போடறது. அத அழிக்காம வெச்சுக்கோங்க, அவங்க அண்ணனுக்கோ அம்மாவுக்கோ அனுப்பி நீங்க பாத்துக்கோங்கன்னு சொல்லுங்க. அவர் உசுரக் காப்பாத்தற வேலை உங்களது இல்ல.

பொறந்த வீட்டுல எத்தன நாளைக்குன்னு கேக்கறாங்களே, அதுக்கு சட்டத்துல பதில் இருக்கு. 2005ல குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் வந்துச்சு, 2006 அக்டோபர் 26ல இருந்து நடைமுறையில இருக்கு. அடிச்சாத்தான்னு இல்ல, கேவலமா பேசறது, சம்பளத்த புடுங்கி வெச்சுக்கறது எல்லாமே அதுல வன்முறைதான். டைவர்ஸ் கேக்கணும்னு அவசியமில்ல. மாவட்ட சமூகநலத்துறையில பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, அவங்க வழியா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல மனு போட்டா உங்க பக்கம் வரக்கூடாதுன்னு பாதுகாப்பு உத்தரவு, உங்களுக்கும் பாப்பாவுக்கும் செலவுக்கு பணம், தங்கறதுக்கு எடம் எல்லாம் கேக்கலாம். உத்தரவ மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். கேஸ் சொன்ன தேதிக்குள்ள முடியும்னு நான் பொய் சொல்லமாட்டேன், இழுக்கும். ஆனா வக்கீலுக்கு காசு இல்லைன்னு நிக்க வேண்டாம், இலவச சட்ட உதவிக்கு பொண்ணுங்கன்னாலே போதும், வருமானம் பாக்கமாட்டாங்க, 15100க்கு போன் பண்ணுங்க. இப்பவே யார்கிட்டயாவது பேசணும்னா 181, அது பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, பக்கத்துல, பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு உதவற ஒருங்கிணைந்த சேவை மையம் எங்க இருக்குன்னும் சொல்லுவாங்க. உங்க போன் பேட்டர்ன் அவருக்கு தெரிஞ்சதா இருந்தா மொதல்ல அத மாத்திட்டு பண்ணுங்க.

மனசுக்கு வைத்தியம் உண்டு, இது சொல்லாம விடக்கூடாது. 14416 டெலிமானஸ், கவர்மெண்டோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, ட்ராமாவுக்கு, அதாவது இந்த மாதிரி மனக்காயத்துக்கு வைத்தியம் பாக்க பயிற்சி எடுத்தவங்ககிட்ட சில மாசம் தொடர்ந்து போனா இந்த நடுக்கம் நல்லாவே கொறையும், தூக்கம் சுத்தமா இல்லைன்னா கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் குடுப்பாங்க, அது கிறுக்குக்கு குடுக்கற மாத்திரை இல்ல.

அதுவரைக்கும் ஒம்பதரை மணிக்கு ஒண்ணு செஞ்சு பாருங்க. ஒரு பனியன் வேஸ்ட் துணிய அடுப்படியில வெச்சுக்கோங்க. ஸ்டாண்டு சத்தம் கேட்டா கரண்டிய கீழ வெச்சுட்டு அந்த துணிய கையில எடுத்து பீஸ் செக் பண்ற மாதிரி விரலால ஓட்டிப் பாருங்க, ஓரம் எங்க, தையல் எங்கன்னு. மூச்ச மெதுவா நீட்டி வெளிய விடுங்க, உள்ள இழுக்கறத விட வெளிய விடறது நேரமாகட்டும். அப்புறம் வாய்விட்டு சொல்லுங்க, இது அம்மா வீடு, வந்தது பக்கத்து வீட்டு அண்ணன், கதவு தாழ்ப்பா என் பக்கம் இருக்குன்னு. மொத வாரம் ஒண்ணும் ஆகாது, மறுபடியும் பாத்ரூமுக்குத்தான் போவீங்க. பரவால்ல, விட்டுடாதீங்க. மூளையில அந்த பாதாம்பருப்புக்கு வார்த்தை சீக்கிரம் புரியாது, கை தொடறது புரியும்.

அம்மாகிட்டயும் ஒண்ணு சொல்லுங்க, அடுத்த தடவை அவர் வந்தா மோர் குடுக்கறது அவங்க மனசு, ஆனா கேட்டுக்கு வெளிய குடுக்கட்டும், நீங்க வரச்சொல்லாம யாரும் உள்ள வரக்கூடாது. பங்குனிக்கு முன்னாடி, பெரியப்பா வர்ற தேதி குறிக்கறதுக்கு முன்னாடி, ஒரு நாள் லீவு போட்டு அந்த கழுத்து விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துருங்க. சீட்டுல என்ன எழுதினாங்கன்னு எனக்கு எழுதுங்கம்மா, நான் காத்துட்டு இருப்பேன்.